பென்சன் இல்லாதவரின் விசுவாசம்

கிறிஸ்தவன் ஆயுள் காப்புறுதி எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியான ஆட்கள். ஓட்டோ ஓடுகிறவர், மேசன் வேலைக்குப் போகிறவர், வாவியில் வலை வீசுகிறவர், சந்தையில் சின்னதாக ஒரு கடை போட்டிருப்பவர். ஒரு பள்ளிக்கூட ஆசிரியரோ, கச்சேரியில் வேலை செய்யும் கிளாக்கரோ இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு விசுவாசம் கூட என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வியே தேவைப்படவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என்னிடம் கேட்பதற்குக் காரணம், நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன். காசு சம்பந்தமான எந்தக் கடதாசி வந்தாலும் சபையில் என்னிடம்தான் நீட்டுவார்கள். மற்றபடி நான் காப்புறுதி முகவரும் இல்லை, வேதாகமக் கல்லூரி வாசலை மிதித்தவனும் இல்லை.

போன வருடம் மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு வீட்டுக் கூட்டம். பாட்டு, சாட்சி எல்லாம் முடிந்து பிளேன்டீ சுற்றி வருகிற நேரம். ஓட்டோ ஓடுகிற ஒரு தம்பி, இரண்டு பிள்ளைகளின் தகப்பன், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பாஸ்டர், ஏஜென்ட் ஒராள் வீட்ட வந்து வந்து போறார். பொலிசி ஒண்டு போடச் சொல்றார். போட்டா ஆண்டவர நம்பாத மாதிரி ஆகிருமா?"

பாஸ்டர் சிரித்தார். "தம்பி, ஆகாயத்துப் பறவைகளுக்கு எந்தக் கம்பனி பொலிசி குடுத்தது?"

எல்லோரும் சிரித்தோம். அந்த நேரத்துக்கு நல்ல பதில்தான். தம்பியின் மனைவி மடியில் தூங்கிய பிள்ளையை மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "அப்ப பாஸ்டர், இவருக்கு ஒண்டு நடந்தா ஓட்டோட லீசிங் காச ஆரு கட்டுற?"

"ஆண்டவர் வழி திறப்பார் தங்கச்சி."

அதோடு ஜெபம் செய்து கலைந்தோம். அவள் கேட்டது லீசிங் பற்றி. அவளுக்குக் கிடைத்தது ஒரு ஆமென். அந்த ஓட்டோவுக்குக் காப்புறுதி இருக்கிறது என்பதை இங்கே சொல்லவேண்டும். அது இல்லாமல் லீசிங் கம்பனி வண்டியைக் கொடுக்காது, பொலிஸ் றோட்டில் விடாது. ஓட்டோ நொறுங்கினால் பணம் வரும். ஓடுகிறவர் போய்விட்டால் கட்டவேண்டிய மாதத் தவணைதான் வரும், அவ்வளவுதான்.

பாஸ்டர் சொன்ன பறவைகள் வருகிற மத்தேயு 6ஆம் அதிகாரத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பேச எனக்கு மனமில்லை. "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள், நாளையத்தினம் தன்னுடையவைகளுக்காகக் கவலைப்படும்." ஞாயிறு பாடசாலையில் ஒப்புவித்துப் பரிசு வாங்கிய வசனம். இயேசு அதை வசதியானவர்களின் விருந்தில் சொல்லவில்லை. என்னத்தை உண்போம், என்னத்தை உடுப்போம் என்று ராத்தூக்கம் கெட்ட சனத்திடம் சொன்னார். தன் சாப்பாட்டையும் தன் உடுப்பையும் நினைத்துக் கலங்குகிறவனுக்கு அது ஆறுதல். ஆனால் ஆயுள் காப்புறுதிக்குக் காசு கட்டுகிறவனுக்கு அந்தக் காசில் ஒரு பிடி சோறுகூடக் கிடைக்கப்போவதில்லை. பணம் வரும்போது அவன் மயானத்தில் இருப்பான். என் நாளையை நான் ஆண்டவர் கையில் விட்டுவிடலாம். அது என் உரிமை, என் பக்தி. என் மனைவியின் நாளையை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிட்டு அதையும் என் விசுவாசக் கணக்கில் எழுதிக்கொள்ளலாமா?

இந்த விஷயத்துக்கு மத்தேயுவை விட நெருக்கமான ஒரு இடம் 2 இராஜாக்கள் 4இல் இருக்கிறது. பிரசங்கங்களில் அதை எண்ணெய் அற்புதமாக மட்டுமே கேட்டிருப்போம். ஒரு தீர்க்கதரிசியின் விதவை எலிசாவிடம் வந்து அழுகிறாள். தன் புருஷன் கர்த்தருக்குப் பயந்து நடந்தவன் என்பது உமக்கே தெரியும் என்கிறாள். அந்தப் பயபக்தியுள்ள மனுஷன் விட்டுப்போனது கடன். கடன் கொடுத்தவன் இரண்டு பையன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். மட்டக்களப்பில் இருக்கிறவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவேண்டியதில்லை. நுண்கடன் கம்பனிக்காரர் கிழமைக்குக் கிழமை வந்து மோட்டார் சைக்கிளை வேலியோரம் நிறுத்திவிட்டு, காசு வரும்வரை வாசலில் குந்தியிருப்பதைப் பார்த்த ஊர் இது.

எலிசா அவளிடம் என்ன சொன்னார்? உன் புருஷனுடைய விசுவாசம் உன்னைக் காக்கும் என்று சொல்லவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய். அது பெருகிய பிறகு, விற்றுக் கடனை அடை, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் சீவனம் பண்ணுங்கள் என்றார். முதலில் கடன், பிறகு பிள்ளைகளின் செலவு. கணக்கு எழுதுகிறவன் என்பதால் எனக்கு அந்த ஒழுங்கு கண்ணில் படுகிறது.

இனி அந்த ஆசிரியர்கள், கிளாக்கர்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

என் அப்பா அரசாங்கப் பள்ளிக்கூட ஆசிரியர். மெதடிஸ்த சபையில் பாடகர் குழுவில் நின்றவர். ஆயுள் காப்புறுதி பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. வீட்டில் அந்தச் சொல்லே புழங்கவில்லை. அவர் போன பிறகு அம்மாவுக்கு ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதி பணம் வந்தது. விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம். அப்பாவின் சம்பளச் சீட்டில் அதற்கென்று மாதாமாதம் ஒரு தொகை கழிபட்டிருந்தது. 1898இல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டுத் தொடங்கிவைத்த ஏற்பாடு. அப்பாவின் அனுமதியை யாரும் கேட்கவில்லை, போதகர் யாரும் அவரிடம் நீ கர்த்தரை நம்பவில்லையா என்று கேட்கவும் இல்லை.

10ஆம் திகதி என்றால் அம்மா காலையிலேயே குளித்து, குடையும் கைப்பையுமாகப் புறப்பட்டுவிடுவா. வங்கி வாசலில் அவவைப் போல ஒரு வரிசையே நிற்கும். பென்சன் புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையை ஒரு கைக்குட்டையில் சுற்றி, அதன் மேல் ஒரு ரப்பர் வளையம். வருடத்துக்கு ஒரு முறை கிராம சேவகரிடம் போய் தான் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்து வாங்கவேண்டும். "நான் சாகல்ல எண்டு இவனுக்கு நான் போய்ச் சொல்லணுமாம்" என்று ஒவ்வொரு வருடமும் முணுமுணுப்பா. அந்தப் பணத்தில்தான் தங்கச்சி படித்தாள். அந்தப் பணத்திலிருந்துதான் அம்மா தசமபாகமும் கொடுத்தா. சபை அதை வாங்கிக்கொண்டது.

ஆக, அரசாங்க உத்தியோகத்தருடைய குடும்பத்துக்கு ஆயுள் காப்புறுதி இருக்கிறது, பெயர்தான் வேறு. சபையில் இருக்கிற ஆசிரியர், தாதி, தபால்காரர் எல்லோரும் தாங்கள் எடுக்காத ஒரு பொலிசியோடுதான் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காருகிறார்கள். காப்புறுதி எடுப்பது அவிசுவாசம் என்று நாம் சொல்லும்போது அந்தப் பிரசங்கம் யார் தலையில் விழுகிறது? பென்சன் இல்லாதவர் தலையில். ஒரே சபை, ஒரே ஆண்டவர், ஆனால் விசுவாசப் பரீட்சை மட்டும் ஓட்டோக்காரருக்கும் மீன்காரருக்கும். இதுதான் என் பிரச்சினை. வேத வியாக்கியானம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

போதகர்கள் இதை யோசிக்காதவர்கள் என்றும் சொல்லமுடியாது. இந்த ஏற்பாட்டை உலகத்துக்கு ஒழுங்காகச் செய்துகாட்டியவர்களே போதகர்கள்தான். 1740களில் எடின்பரோவில் இரண்டு பேர், ரொபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர். ஸ்கொட்லாந்துச் சபைப் போதகர்கள். போதகர் இறந்தால் அவர் இருந்த வீட்டையும் சம்பளத்தையும் அடுத்த போதகருக்குக் கொடுக்கவேண்டும். விதவை பிள்ளைகளோடு தெருவுக்கு வரவேண்டும். இவர்கள் நாடு முழுக்க உள்ள சபைகளுக்குக் கடிதம் எழுதி விபரம் எடுத்தார்கள். எந்த நேரத்திலும் சராசரியாக 930 போதகர்கள் உயிரோடு இருக்கிறார்கள், வருடத்துக்கு 27 பேர் இறக்கிறார்கள், அவர்களில் 18 பேர் விதவைகளை விட்டுப்போகிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். கொலின் மக்லோரின் என்ற கணிதப் பேராசிரியர் கணக்கைச் சரிபார்த்தார். 1744இல் விதவைகள் நிதி தொடங்கியது. உயிரோடு இருந்த எல்லாரும் கட்டினார்கள். இறந்தவரின் மனைவி வாழ்நாள் முழுக்க வருடத்துக்கு ஒரு தொகை வாங்கினாள். இன்றைய ஆயுள் காப்புறுதிக் கணக்கு முறைக்கு அது முன்னோடி. இதில் வெப்ஸ்டர் வைன் குடிப்பதில் பேர்போனவர். அதை எங்கள் சபையில் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும் என்பதால் சொல்வதில்லை.

அந்த 27 பேர் யார் என்று வாலஸுக்கும் வெப்ஸ்டருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அவர்கள் முயலவும் இல்லை. சாவு எந்த வீட்டுக்கு வரும் என்பது தேவனுக்கு, எத்தனை வீட்டுக்கு வரும் என்பது கணக்குப் புத்தகத்துக்கு. இதில் தேவனுடைய வேலையில் கைவைத்ததாக எனக்கு எதுவும் தெரியவில்லை.

எதிர்த்தவர்கள் முட்டாள்களும் இல்லை. பிரான்சில் 1681ஆம் ஆண்டுக் கடல் சட்டம் மனுஷ உயிருக்குக் காப்புறுதி எடுப்பதையே தடை செய்தது. உயிருக்கு விலை போடலாமா என்பது அவர்கள் கேள்வி. இங்கிலாந்தில் முன்பின் தெரியாத ஆட்களின் பெயரில் பொலிசி எடுத்து, யார் எப்போது சாவார் என்று பந்தயம் கட்டினார்கள். 1774இல் பாராளுமன்றம் சட்டம் போட்டு அதை நிறுத்தவேண்டியிருந்தது. அந்தக் கூத்தைப் பார்த்த ஒரு பக்தன் இது சூதாட்டம் என்று சொன்னால் நான் அவன் பக்கம்தான் நிற்பேன். ஒருவருடைய சாவால் எனக்கு நட்டம் இருந்தால் மட்டுமே அவர் பெயரில் நான் பொலிசி எடுக்கலாம் என்ற விதி அந்தச் சட்டத்திலிருந்துதான் நம் நாட்டு முறைக்கும் வந்து சேர்ந்தது.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பிரசங்கிகள் எரேமியா 49:11ஐத் தூக்கிப்பிடித்தார்கள். உன் அநாதைப் பிள்ளைகளை என்னிடம் விடு, உன் விதவைகள் என்னை நம்பட்டும் என்று கர்த்தர் சொல்கிறார், அப்புறம் காப்புறுதி எதற்கு? கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த அதிகாரத்தை மேலிருந்து வாசித்தால், அது ஏதோம் தேசத்துக்கு வரப்போகும் அழிவைப் பற்றிய தீர்ப்பு. ஆண்பிள்ளைகள் எல்லாம் அழிந்துபோன ஒரு சனத்திடம் சொன்னது. அதைக் குடும்ப வரவுசெலவுக்கு அறிவுரையாக எடுப்பதாக இருந்தால் முந்தின வசனத்தையும் சேர்த்து எடுக்கவேண்டும். மறுபக்கம், புரூக்ளினில் ஹென்றி வார்ட் பீச்சர் போன்ற பெரிய பிரசங்கிகள் காப்புறுதி எடுக்காமல் இருக்க ஒரு கிறிஸ்தவனுக்கு என்ன நியாயம் என்று திருப்பிக் கேட்டார்கள். போதகர்களின் பேச்சைக் காப்புறுதிக் கம்பனிகள் அச்சடித்து விளம்பரமாகக் கொடுத்தன என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். பிரசங்க மேடைக்கும் கமிஷனுக்கும் உள்ள உறவு பழையது.

எங்கள் ஊர் மெதடிஸ்த வரலாற்றிலேயே இதற்கு ஒரு கதை உண்டு. இலங்கைக்கு வந்த முதல் வெஸ்லியன் மிஷனரிக் கூட்டத்துக்குத் தலைவர் தோமஸ் கோக். சொந்தக் காசைப் போட்டுப் புறப்பட்டவர். 1814 மே மாதம் இந்து சமுத்திரத்தில் கப்பலிலேயே ஒரு காலை இறந்து கிடந்தார். கூட வந்த இளைஞர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது: பணம் எடுக்கும் அதிகாரம் எல்லாம் கோக் பெயரில் மட்டுமே இருந்தது, வேறு ஒருவர் பெயரும் எந்தக் கடதாசியிலும் இல்லை. பம்பாயில் இறங்கியபோது முகம் தெரியாத ஒரு வணிகர் நம்பிக் கொடுத்த பணத்தில்தான் இலங்கை வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் வில்லியம் ஓல்ட். மனைவியை அந்தப் பயணத்தில் கடலில் பறிகொடுத்துவிட்டு மட்டக்களப்புக்கு வந்து, 1815 ஏப்ரலில் இங்கேயே இறந்தார். பம்பாய் வணிகரின் மனதை ஆண்டவர் தொட்டார் என்று எங்கள் பெரியவர்கள் சாட்சி சொல்வார்கள். நானும் நம்புகிறேன். ஆனால் கோக் புறப்படும்போது இன்னொரு பெயரையும் எழுதிவைத்திருந்தால் ஆண்டவர் மனவருத்தப்பட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதும் இல்லை. காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானாவோடு இதைப் பேசியிருக்கிறேன். அவர்களுக்குள் விவாதம் நம்முடையதை விட ஒழுங்கானது: வட்டி இருக்கிறதா, சூது இருக்கிறதா, நிச்சயமில்லாததை விற்கிறார்களா. அதற்குப் பதிலாகத்தான் தகாஃபுல் என்று எல்லோரும் ஒரு நிதிக்குக் கொடுத்து ஒருவருக்கொருவர் உதவும் ஏற்பாடு வந்தது. "எடுக்கலாமா எண்டு கேக்கிறதோட நீங்க நிக்கிறீங்க, எப்பிடி எடுக்கணும் எண்டு நாங்க கேட்டம்" என்றார் நானா. பதில் சொல்லத் தெரியவில்லை.

காப்புறுதி வேண்டாம் என்பவர்களில் நான் பயப்படுகிற வாதம் ஒன்றே ஒன்று. அமெரிக்காவில் தனிச் சமூகமாக வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களுடையது. அவர்கள் வெளிக் கம்பனிக் காப்புறுதி எடுப்பதில்லை. 1965இல் அரசாங்கத்தின் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்தும் விலக்கு வாங்கினார்கள். களஞ்சியம் எரிந்தால் ஊரே கூடிக் கட்டிக்கொடுக்கும். ஆஸ்பத்திரிச் செலவுக்குச் சபை பொறுப்பு. கம்பனி வந்துவிட்டால் அயலவன் தேவைப்படமாட்டான் என்பது அவர்கள் பயம்.

இங்கே ஒரு செத்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மரணாதாரச் சங்கத்திலிருந்து கதிரையும் தறப்பாளும் பெரிய கிடாரமும் லான்ட்மாஸ்டரில் வந்து இறங்கும். சங்கத்துக் காசு கையில் வரும். பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வரும், இரவு முழுக்க ஆட்கள் இருப்பார்கள். இந்து, கிறிஸ்தவன் என்று பார்ப்பதில்லை. எல்லோரும் மாதம் கொஞ்சம் கட்டி, சாவு விழுந்த வீட்டுக்குத் தூக்கிக் கொடுப்பது காப்புறுதியின் அதே ஏற்பாடு. அதில் சேரவேண்டாம் என்று எந்தப் பாஸ்டரும் சொன்னதில்லை. சபையிலேயே ஒன்று இருக்கிறது, பொருளாளர் நான்தான்.

அது 31ஆம் நாளோடு முடிகிறது என்பதுதான் கஷ்டம். அதற்குப் பிறகு கதிரைகள் போய்விடும். ஆறு வயதுப் பிள்ளை ஏ.எல். எழுதுவதற்கு இன்னும் எத்தனை வருடம்? ஆமிஷ்காரர் அந்த வருடங்களையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். அதனால் காப்புறுதி வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் இருக்கிறது. நாம் ஒரு காணிக்கைத் தட்டைச் சுற்ற விட்டுவிட்டு, விதவையிடம் கர்த்தரை நம்பு என்கிறோம். அப்போஸ்தலர் 6இல் விதவைகளுக்கு அன்றாடப் பங்கீட்டில் குறை வந்தபோது பந்தி விசாரிக்கவென்றே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அப்படி ஏழு பேர் எந்தச் சபையில் இருக்கிறார்களோ, அந்தச் சபைப் பாஸ்டர் சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன்.

காப்புறுதி எல்லாவற்றையும் தாங்கும் என்றும் நான் சொல்லமாட்டேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. நாவலடியில் வீடே இல்லாமல் போனவர்களுக்குப் பொலிசிக் கடதாசி எங்கே? பணத்தைப் பெறவேண்டிய பின்னுரித்தாளி என்று பெயர் போட்ட மனைவியும் பிள்ளையும் அதே அலையில் போயிருந்தார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்கவே 2005இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. 1990இல் இந்த மாவட்டத்தில் காணாமல் போனவர்களின் மனைவிமார் கதை அதைவிடக் கொடியது. 2010இல் வந்த சட்டத்தின்படி மரணத்தைப் பதியலாம், பதிந்தால் காசு எடுக்கலாம். ஆனால் அவர் இறந்துவிட்டார் என்று அவளே கையெழுத்து வைக்கவேண்டும். வைக்கமாட்டேன் என்று இருந்தவர்கள் நிறையப் பேர். ஆள் இல்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்று சட்டத்தில் வருவதற்கு 2016 ஆகிவிட்டது. விசுவாசம், நம்பிக்கை என்றெல்லாம் மேடையில் பேசுகிறபோது எனக்கு அந்தப் பெண்கள்தான் ஞாபகம் வருவார்கள்.

காசின் பெறுமதியும் அப்படித்தான். 90களில் ஒரு லட்சம் ரூபாய்க்குப் பொலிசி எடுத்தவர் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டார். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அந்த ஒரு லட்சத்துக்கு இன்று நல்ல ஒரு போன் வாங்கலாம். பூச்சியும் துருவும் கெடுக்கும் என்று ஆண்டவர் சொன்னதில் இதுவும் அடங்கும்.

இனி அந்த ஏஜென்ட். அவரும் ஒரு சபை விசுவாசிதான், எங்கள் சபை அல்ல. 1 தீமோத்தேயு 5:8ஐ மனப்பாடமாக வைத்திருக்கிறார். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று வாசித்துவிட்டு, அதே மூச்சில் இருபது வருடத் திட்டத்தை விரிப்பார். பவுல் அந்த இடத்தில் பேசுவது விதவைகளைப் பற்றித்தான், மறுக்கவில்லை. ஆனால் தம்பிக்கு அவர் காட்டிய திட்டம் விதவைக்கு உதவுகிற திட்டமாக எனக்குத் தெரியவில்லை. சேமிப்பு, முதிர்வுப் பணம், போனஸ் எல்லாம் கலந்தது. மாதக் கட்டுப்பணத்தில் பெரும்பகுதி சேமிப்புக்குப் போனதால், இறந்தால் கிடைக்கும் தொகை சின்னது. லீசிங்கை அடைத்தால் மிச்சம் ஒன்றும் இல்லை. ஓட்டோக்காரரின் வருமானம் ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. இப்படியான திட்டத்தை முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் நிறுத்தினால் பொதுவாகக் கையில் வருவது ஒன்றுமில்லை, அல்லது மிகச் சொற்பம். எங்கள் ஊரில் காப்புறுதியால் ஏமாந்தேன் என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தக் கதைதான் சொல்வார்கள்.

நான் தம்பிக்குச் சொன்னது: சேமிப்பு வேறு, காப்புறுதி வேறு. ஆள் இறந்தால் மட்டும் பணம் தருகிற, உயிரோடு இருந்தால் ஒரு சதமும் திருப்பித் தராத வெறும் காப்புறுதி இருக்கிறது. மாதக் காசு குறைவு, தொகை பெரிது. ஏஜென்ட்மார் அதைப் பற்றி அவ்வளவாக வாய் திறப்பதில்லை, கமிஷன் குறைவு. தம்பியின் முகம் வாடியது. "அப்ப நான் சாகாட்டி கட்டின காசு போயிருமா அண்ண?" போகும் என்றேன். அந்தக் காசு வேறு யாரோ ஒரு விதவைக்குப் போகும். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது என்று கலாத்தியரில் வருவதை நாம் ஜெபத்தில் மட்டும் செய்கிறோம், இதில் காசாகச் செய்கிறோம். அவருக்கு அது முழுக்கப் பிடித்ததாகத் தெரியவில்லை. எனக்கே சில மாதங்களில் பிடிப்பதில்லை.

விண்ணப்பப் படிவத்தை என் வீட்டு மேசையில் வைத்துத்தான் நிரப்பினோம். வயது, தொழில், பின்னுரித்தாளி, அதுவரை சுகம். மறுகா உடல்நலக் கேள்விகள் வந்தன. தம்பிக்குச் சீனி வருத்தம். கிளினிக்குக்குப் போகிறார், குளிசை போடுகிறார். பேனை அந்தப் பெட்டிக்கு மேல் நின்றது.

"இல்ல எண்டு போடச் சொன்னவர் ஏஜென்ட். போட்டா கட்டுப்பணம் குறையுமாம். எல்லாரும் அப்பிடித்தான் போடுறயாம்."

காப்புறுதியும் விசுவாசமும் ஒத்துப்போகுமா என்று இத்தனை நாள் பேசியது எங்கேயோ, சோதனை வந்து நின்ற இடம் இங்கே. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்று மலைப்பிரசங்கத்தில்தான் இருக்கிறது, பறவைகளுக்கு ஒரு அதிகாரம் முன்னால். பக்தியை விடுங்கள், வியாபாரமாகப் பார்த்தாலும் அந்தப் பொய் விதவையின் காசைத்தான் தின்னும். அவர் இறந்த பிறகு கம்பனி கிளினிக் கொப்பியைக் கேட்கும். வருத்தத்தை மறைத்திருந்தால் கொடுக்கமாட்டோம் என்று கடிதம் வரும். அந்தக் கடிதத்தைப் பிரிக்கப்போகிறவள் அவள். தம்பி "ஆம்" என்று புள்ளடி போட்டார். கம்பனி இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியது, கட்டுப்பணம் கூடியது. எனக்கு ஒரு கிழமை ஏச்சு.

பாஸ்டரிடம் நான் இதை ஒளிக்கவில்லை. பென்சனை வைத்துக்கொண்டு மற்றவனுக்கு விசுவாசம் போதிக்கிறவர் என்ற கணக்கில் அவரைச் சேர்க்கவும் முடியாது. பழைய சபைகளில் போதகருக்கு ஓய்வுக்கால ஏற்பாடு என்று ஏதாவது இருக்கும். எங்கள் பாஸ்டருக்குப் பென்சன் இல்லை, சேமலாப நிதி இல்லை, சொந்த வீடு இல்லை. மூன்று பெண்பிள்ளைகள். ஐம்பது வயது தாண்டிவிட்டது, பிரஷர் இருக்கிறது, பழைய மோட்டார் சைக்கிளில் வாகரை வரை ஊழியத்துக்குப் போய்வருகிறார். பறவைகளைப் பற்றி அவர் சொன்னதை அவர் வாழ்கிறார். அதனால்தான் என்னால் அவரோடு கோபிக்க முடியவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாகவும் இருக்கிறது. எடின்பரோப் போதகர்களின் விதவைகள் 1744க்கு முன்பு எங்கே நின்றார்களோ, பாஸ்டரின் மனைவி இன்று அங்கேதான் நிற்கிறா.

போன கமிட்டிக் கூட்டத்தில் சபைக் காசிலிருந்து பாஸ்டர் பெயரில் ஒரு வெறும் காப்புறுதி எடுப்போம் என்று நான் ஒரு யோசனை வைத்தேன். பாஸ்டர் தன்னைப் பற்றிய பேச்சு என்று வெளியே எழுந்து போய்விட்டார். அறிக்கையில் எழுதக்கூடிய அளவுக்கு நாகரிகமாகத்தான் விவாதம் நடந்தது. கூரை வேலைக்கே காசு பற்றாது என்றார் ஒருவர். பிரஷர் இருக்கிறவருக்குக் கட்டுப்பணம் எவ்வளவு வரும் என்று முதலில் கேட்டுவாருங்கள் என்றார் இன்னொருவர். அது நியாயமான கேள்வி. கடைசியாக எங்கள் மூத்த அங்கத்தவர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், எழும்பினார். ஊழியக்காரனுக்குப் பொலிசி எடுப்பது அவருடைய விசுவாசத்தை நாமே குறைத்து மதிப்பிடுவதாகும், தேவன் தம்முடைய தாசனைக் கைவிடமாட்டார் என்றார். இரண்டு பேர் ஆமென் சொன்னார்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுவதாகத் தள்ளிவைத்திருக்கிறார்கள். திகதி 10ஆக இருந்தது. அன்று காலை தனக்கு வங்கியில் வேலை இருப்பதாக அதிபர் சொன்னதால் 11க்கு மாற்றினோம்.